வேலையில்லாத நாட்களில் படித்த வீட்டுக்கடன் பாடம்

2007 ஆகஸ்டில் எனக்கு வேலை போனது. வயது 49. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில், வீட்டுக்கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிப்பது என் வேலை. காலை பத்து மணிக்கு மீட்டிங் என்றார்கள். பதினோரு மணிக்கு அட்டைப்பெட்டியோடு காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அதன்பின் பதினாறு மாதம் வீட்டில்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாநில அரசின் படிவம் தபாலில் வரும். வேலை தேடினீர்களா என்று அதில் ஒரு கேள்வி. பூர்த்தி செய்து அனுப்பினால் வாரத்துக்கு 450 டாலர். அங்கே அதுதான் உச்சவரம்பு. அது வீட்டுத் தவணைக்கே போய்விடும். மனைவி ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்து சமையல் செலவைப் பார்த்துக்கொண்டாள். நான் தினமும் ஆபீஸ் போகிறவன் மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு பொது நூலகத்துக்குப் போவேன்.

எதிர்வீட்டில் ஒரு லாரி டிரைவர், மெக்ஸிகோக்காரர். ஒருநாள் கடன் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். “நீங்கள் அந்தத் தொழிலில் இருந்தவர்தானே? தவணை ஏன் இப்படி ஏறியது என்று பாருங்கள்” என்றார். சமையலறை மேஜையில் கணக்குப் போட்டோம். 2005-இல் வாங்கிய 3 லட்சம் டாலர் கடன். முதல் இரண்டு வருஷம் 7 சதவீதம், மாதம் சுமார் 2,000 டாலர். மீதி 28 வருஷமும் சந்தை வட்டிக்கு ஏற்ப மாறும். இப்போது 10 சதவீதம்; தவணை 2,600.

“வட்டி ஏறுவதற்குள் வேறு கடனுக்கு மாறிக்கொள்ளலாம் என்றார்களே?” என்றார். வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்தவரை அது நடந்தது. 2006-க்குப் பிறகு விலை இறங்கியது. கடனைவிட வீட்டின் மதிப்பு குறைந்துபோனால் எந்த வங்கி புதுக்கடன் தரும்?

நூலகத்தில் பழைய சரித்திரத்தைப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. 1930-களுக்கு முன் அமெரிக்க வீட்டுக்கடன்கள் பெரும்பாலும் சில வருஷக் கெடுவோடுதான் இருந்தன. கெடு முடிந்தால் அசலை மொத்தமாகக் கட்ட வேண்டும், அல்லது கடனைப் புதுப்பிக்க வேண்டும். பெருமந்தத்தில் புதுப்பிக்க ஆளில்லாமல் வீடுகள் ஏலத்துக்குப் போயின. 1933-இல் ரூஸ்வெல்ட் அரசு ஓர் அமைப்பை உருவாக்கி, சுமார் 10 லட்சம் குடும்பங்களின் கடனை நீண்டகாலத் தவணைக்கு மாற்றியது. மாறாத வட்டியில் 30 வருஷக் கடன் என்ற வழக்கம் அங்கிருந்து வளர்ந்ததுதான். எதிர்வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டது பேருக்குத்தான் 30 வருஷக் கடன். உண்மையில் அது பழைய இரண்டு வருஷக் கெடுக் கடன்.

இவ்வளவு மோசமான கடனை ஏன் கொடுத்தார்கள்? கொடுத்தவர் அதைக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. வால் ஸ்ட்ரீட்டுக்கு விற்றுவிட்டார். அங்கே ஆயிரக்கணக்கான கடன்களை மூட்டை கட்டி, தர நிறுவனங்களின் ‘ஏஏஏ’ முத்திரையோடு உலகம் முழுவதும் விற்றார்கள். கடனாளி கட்டுவாரா என்ற கவலை யாருக்கும் மிஞ்சவில்லை. 2008 செப்டம்பர் 15-இல் லேமன் பிரதர்ஸ் திவாலானபோதுதான் அந்தக் கவலை எல்லோருக்கும் வந்தது.

அதற்குள் எதிர்வீடு காலியாகிவிட்டது. புல் காய்ந்து, நீச்சல் குளத்துத் தண்ணீர் பச்சையாகிக் கொசு மொய்த்தது.

ஒரு விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. எங்கள் மென்பொருளில் வருமானம் எழுதும் கட்டம் ஒன்று உண்டு. சில வகைக் கடன்களுக்குச் சான்று கேட்காமலே அடுத்த பக்கம் போகும். போகிறதா என்று சோதித்து, ‘சரி’ என்று குறித்தவன் நான்.

“அவர்கிட்ட சொல்லியிருக்கலாமேங்க” என்றாள் மனைவி. சொல்லியிருக்கலாம். இப்போது இங்கே எழுதி வைக்கிறேன்.