சிலேட்டு முதல் கைப்பேசி வரை

மாணவர் சொந்தக் கருவியோடு வகுப்புக்கு வருவது புதிதன்று. முற்காலத் தோட்டப் பள்ளியில் சிலேட்டும் குச்சியும் பிள்ளையின் சொந்தப் பொருள்களே. பின்னர் வந்த கருவிகள் பள்ளியின் உடைமையாயின. 1972இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஒரே பெட்டியை வகுப்பு முழுவதும் சூழ்ந்திருந்து பார்த்தது. 1999இல் விவேகப் பள்ளித் திட்டம் கணினியைக் கொண்டுவந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் மீண்டும் பிள்ளையின் கைக்கருவிக்குப் போயிற்று. அவ்வாண்டு கல்வி அமைச்சு பெற்றோரிடம் நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை எனத் தெரிந்தது. என் மாணவர் சிலர், அப்பா வேலை முடிந்து கைப்பேசியோடு வரும்வரை பாடத்துக்குக் காத்திருந்தனர். சிலேட்டு உடைந்தால் பக்கத்துப் பிள்ளையிடம் வாங்கி எழுதலாம். கைப்பேசியை அப்படி வாங்க இயலுமா? ஆகவே, கருவி கொண்டுவரச் சொல்லுமுன், இல்லாத பிள்ளைக்குப் பள்ளியே ஒன்றை எடுத்து வைக்கட்டும்.