மெக்கவர்னின் போர்க்காலமும் 1972-ஆம் ஆண்டுத் தேர்தலும்

1972-இல் நிக்சனை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற ஜார்ஜ் மெக்கவர்ன் வெஸ்லியன் மெதடிஸ்ட் போதகரின் மகன்; காரெட் இறையியல் கல்லூரியில் சிலகாலம் பயின்று, மாணவப் போதகராகச் சிறு சபையொன்றில் ஊழியமும் செய்தவர். வியட்நாம் போரை அவர் எதிர்த்த விதத்தில் பிரசங்க பீடத்தின் தொனி இருந்தது. ஆகவே எதிர்த்தரப்பினர் அவரை உறுதியற்றவராகச் சித்திரித்தனர்.

உண்மையோ வேறு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியிலிருந்து குண்டுவீச்சு விமானம் ஓட்டி, 35 முறை போர்முனைக்குப் பறந்து, வீரப் பதக்கம் பெற்றவர் அவர். இதனைத் தேர்தல் மேடைகளில் அவர் பெரிதாக எடுத்துரைக்கவில்லை. அடக்கம் மட்டுமே காரணம் என்று நான் எண்ணவில்லை. 1945-இல் அவரது விமானத்தில் சிக்கிக்கொண்ட குண்டொன்று விடுவிக்கப்பட்டபோது, ஆஸ்திரியாவில் ஒரு பண்ணைவீட்டின்மேல் விழுந்தது. குடும்பத்தார் நண்பகல் உணவுக்குக் கூடும் வேளை அது. அந்நினைவு அவரை விட்டகலவில்லை. அத்தகைய நினைவைச் சுமப்பவர் பதக்கத்தை உயர்த்திக்காட்டி வாக்குக் கேட்பது எளிதன்று.

விளைவு, ஐம்பது மாநிலங்களில் மாசசூசெட்ஸ் ஒன்றே அவருக்குக் கிட்டியது. தலைநகர் வாஷிங்டனும் உடன் நின்றது. 1985-இல் ஆஸ்திரியத் தொலைக்காட்சியில் அவர் இதைக் கூறியபின், அப்பண்ணையின் உரிமையாளர் தொலைபேசியில் நிலையத்தாரை அழைத்தார். விமானம் வருவதைக் கண்டு குடும்பத்துடன் மறைவிடம் சென்றதாகவும், எவருக்கும் காயமில்லை என்றும் தெரிவித்தார்.