மூக்கின் சமூக வாழ்க்கை: நோம் சோபெலின் முகர்வு ஆய்வுகள், 1998–2025

மனிதனுக்கு மூக்கு முகத்தில் இருக்கிறதே தவிர வாழ்க்கையில் பெரிய வேலை எதுவும் அதற்கு இல்லை என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உருவானது. பாரிஸ் உடற்கூறியலாளர் பால் புரோக்கா பாலூட்டிகளின் மூளைகளை ஒப்பிட்டார். மனிதனிடம் முன்மூளை பெருத்தும், வாசனையை முதலில் வாங்கும் முகர்வுக் குமிழ் அதன் அடியில் சிறுத்தும் கிடப்பதைக் கண்டார். இதை வைத்தே மனிதனை மோப்பம் குன்றிய உயிரினங்களின் வரிசையில் சேர்த்தார். யாருடைய மூக்கையும் அவர் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த முடிவு பாடநூல்களில் நூறாண்டுக்கு மேல் நின்றது. 2017-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்கான் 'சயன்ஸ்' இதழில் அது ஆதாரமற்ற நம்பிக்கை என்று விரிவாக எழுத வேண்டியிருந்தது.

இடைப்பட்ட காலத்தில் இரண்டு துறைகள் ஒன்றையொன்று பாராமல் வளர்ந்தன. உளவியல் பக்கம் மார்த்தா மெக்லின்டாக், ஒரே விடுதியில் தங்கிய பெண்களின் மாதவிடாய்ச் சுழற்சிகள் நெருங்கி வருவதாக 1971-இல் எழுதினார். அந்த முடிவின் கணக்கீட்டைப் பிற்காலத்தவர் கடுமையாக மறுத்தனர். 1995-இல் சுவிட்சர்லாந்தின் கிளாஸ் வெடெகின்ட் 44 ஆண்கள் அணிந்த பனியன்களை 49 பெண்களிடம் முகரக் கொடுத்து, நோய் எதிர்ப்பு மரபணுக்களுக்கும் வாசனை விருப்பத்துக்கும் தொடர்பு காட்டினார். உயிரியல் பக்கம் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் 1991-இல் வாசனை ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்து 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். முதல் வகையினர் ஆட்களிடம் 'பிடிக்கிறதா' என்று கேட்டனர். இரண்டாம் வகையினர் மூலக்கூறுகளைத் தேடினர். மூக்கு என்ன செய்கிறது என்பதைப் பெரும்பாலும் இரு தரப்பும் கவனிக்கவில்லை.

நோம் சோபெல் நுழைந்தது அந்த இடைவெளியில்தான். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோது, 1998-இல் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரையில் அவரும் குழுவினரும் எளிய கேள்வி ஒன்றை எழுப்பினர்: வாசனையே இல்லாத காற்றை முகர்ந்தால் மூளையில் என்ன நடக்கும்? செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. படங்களில், மூச்சை இழுக்கும் செயல் மட்டுமே முகர்வுப் புறணியின் முதன்மைப் பகுதியைத் தூண்டுவது தெரிந்தது. வாசனை தூண்டிய பகுதிகள் பெரும்பாலும் வேறாக இருந்தன. ஆக, முகர்தல் காற்றை உள்ளே கொண்டுபோகும் வெறும் வழியன்று. உணர்வின் ஒரு பாகமே அது. அடுத்த ஆண்டு அதே குழு, ஒரு நேரத்தில் ஒரு நாசித்துளையில் காற்று அதிகமாகவும் மற்றதில் குறைவாகவும் ஓடுவதால் இரண்டும் ஒரே கலவையைச் சற்று வேறுவேறாக உணர்கின்றன என்று காட்டியது. சோபெலின் பிற்கால ஆய்வுகள் பலவற்றுக்கும் வேர் இதுவே. வாயால் சொல்வதை நம்பாமல், மூச்சின் அளவைக் கருவியில் எடுத்துப் பார்ப்பது அவர் முறையாயிற்று.

பெர்க்லியில் அவரது ஆய்வகம் நடத்திய சோதனை ஒன்று பலருக்கு நினைவிருக்கும். புல்தரையில் 10 மீட்டர் நீளத்துக்குச் சாக்லேட் எண்ணெயில் நனைத்த கயிற்றைப் போட்டார்கள். கண்ணைக் கட்டி, காதை அடைத்து, கையுறையும் முழங்கால் உறையும் மாட்டிய 32 பேரைத் தவழவிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் தடத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போனார்கள். நாய் செய்வதுபோலவே தடத்தின் இருபுறமும் வளைந்து வளைந்து தலையைக் கொண்டுபோனார்கள். பயிற்சி கொடுத்ததும் வேகம் கூடியது. ஒரு துளையை அடைத்ததும் திறமை குறைந்தது. 2007-இல் அச்சேறிய இந்தக் கட்டுரை புரோக்காவுக்கு யாரும் தந்ததிலேயே வேடிக்கையான மறுப்பு என்பேன்.

பின்னர் இஸ்ரேலின் ரெஹோவோட்டில் உள்ள வைஸ்மன் நிறுவனத்தில் அவர் பணி நிலைகொண்டது. 2010-இல், உடல் முழுதும் செயலிழந்தவர்கள் மூச்சை இழுத்தே எழுதவும் சக்கர நாற்காலியை ஓட்டவும் உதவும் கருவியை அவர் குழு வெளியிட்டது. 2015-இல் 36 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், துர்நாற்றம் வந்ததும் மூச்சைச் சட்டெனக் குறைக்கும் இயல்பு ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் காணப்படவில்லை.

பெரிய சர்ச்சை கண்ணீரில் தொடங்கியது. 2011-இல் 'சயன்ஸ்' வெளியிட்ட ஆய்வுக்காகப் பெண்கள் சோகப் படம் பார்த்து அழுதார்கள். கண்ணாடியில் பார்த்தபடியே கன்னத்தில் வழிந்ததைச் சிறு குப்பியில் பிடித்தார்கள். அதே பெண்களின் கன்னத்தில் வழியவிட்டுச் சேகரித்த உப்புநீர் ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டது. ஏனென்றால் தோலின் வாசனையே முடிவைக் கெடுத்துவிடலாம். ஆண்களின் மூக்குக்கடியில் நனைந்த பஞ்சை ஒட்டினார்கள். இரண்டுக்கும் வாசனையில் வேறுபாடு அவர்களுக்குத் தெரியவில்லை. எனினும் கண்ணீரை முகர்ந்தபோது பெண் முகங்களின் பாலியல் கவர்ச்சிக்கு அவர்கள் தந்த மதிப்பெண் குறைந்தது. உமிழ்நீரில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியின் செயல்பாடும் தணிந்தது.

இதை நெதர்லாந்தில் ஆட் விங்கர்ஹுட்ஸ் உள்ளிட்ட குழுவினர் திரும்பச் செய்து பார்த்தார்கள். கவர்ச்சி மதிப்பெண் குறையவில்லை என்று 2017-இல் அறிவித்தார்கள். சோபெல் அவர்களது தரவுகளை மறுபடி ஆராய்ந்து, தம் கருத்துக்கு ஆதரவு அதிலும் இருப்பதாகப் பதில் எழுதினார். ஒருவர் சேகரித்த எண்களிலிருந்து எதிர்த்தரப்பு தனக்கு வேண்டியதை எடுப்பது என்னை முழுதாக நம்பவைக்கவில்லை. புதிய சோதனை வேண்டும். 2023-இல் அவர் குழு அதைச் செய்தது. எதிராளி நியாயமின்றிப் பணத்தைப் பிடுங்குவதாக நம்பவைத்த விளையாட்டில், கண்ணீரை முகர்ந்த ஆண்களின் பழிவாங்கல் 43.7 விழுக்காடு குறைந்தது. ஆய்வகத்தில் சோதித்த 62 வாசனை ஏற்பிகளில் 4 ஏற்பிகள் கண்ணீருக்கு எதிர்வினை தந்தன. 2011-இல் பேசியது கவர்ச்சியைப் பற்றி. இப்போது பேசுவது மூர்க்கத்தைப் பற்றி. இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதில் அவசரம் கூடாது.

அவர் குழுவின் கைகுலுக்கல் ஆய்வு எனக்கு இதைவிட உறுதியானதாகப் படுகிறது. அறையில் காத்திருந்தவரை மறைவான கேமரா படம்பிடித்தது. ஒருவர் வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போவார், சிலரோடு கைகுலுக்கியும் சிலரோடு குலுக்காமலும். குலுக்கியவர் தம் பாலினத்தவரானால், அவர் போன பின் தம் வலக்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்வது இருமடங்குக்கும் மேல் கூடியது. மாற்றுப் பாலினத்தவரானால் இடக்கையை முகர்ந்தார்கள். கையை மூக்கருகே வைத்தபோது மூச்சு உண்மையிலேயே இழுக்கப்படுகிறதா என்பதையும் தனியே அளந்தார்கள்; காற்றோட்டம் இருமடங்கானது. உறை அணிந்து கைகுலுக்கியபோது ஸ்குவாலீன் போன்ற உடற்சேர்மங்கள் உறையில் ஒட்டியிருந்தன. 2015-இல் இது வந்த பிறகு கூட்டங்களில் பேச்சாளர்கள் தம் கைகளைக் கவனிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

2021-இல் ஹெக்ஸாடெகனல் என்ற சேர்மத்தை ஆராய்ந்தார்கள். பச்சிளங் குழந்தையின் தலையிலிருந்தும் அது வெளிப்படுகிறது. அதை முகர்ந்த ஆண்களின் மூர்க்கம் குறைந்தது, பெண்களின் மூர்க்கம் கூடியது. குழந்தையை உச்சி முகரும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு என்றாலும், ஆய்வு அந்தப் பழக்கத்தைப் பற்றியதன்று. 2022-இல், பார்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொண்ட ஒரே பாலின நண்பர்களின் உடல் வாசனைகள் முன்பின் அறியாதவர்களின் வாசனைகளைவிட ஒன்றுபோல் இருப்பதை மின்மூக்குக் கருவி கண்டது. அந்நியர்களிடையே யாருக்கு யாரோடு ஒத்துப்போகும் என்பதையும் 71 விழுக்காடு சரியாகக் கணித்தது. கலந்துகொண்டவர்கள் குறைவு என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2025-இல் சுமார் 100 பேரின் நாசி மூச்சை 24 மணி நேரம் பதிவு செய்து, 96.8 விழுக்காடு துல்லியத்தோடு ஆளை அடையாளம் கண்டனர்.

ஆக்ஸ்ஃபோர்டின் டிரிஸ்ட்ரம் வையட் 2015-இல் வைத்த எச்சரிக்கை இன்னும் செல்லுபடியாகிறது. மனித ஃபெரோமோன் (ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள்) என்று சொல்லத் தேவையான முழுச் சான்று எந்த மூலக்கூறுக்கும் இதுவரை இல்லை. கண்ணீரிலும் வேலை செய்யும் சேர்மம் எதுவெனப் பிரித்தெடுக்கப்படவில்லை. ஆகவே சோபெலின் பணியை இரண்டாகப் பிரித்தே மதிப்பிட வேண்டும். சமூகச் செய்தி வாசனையில் வருகிறது என்ற பகுதி நிலுவையில் இருக்கிறது. மூச்சிழுப்பு மூளையின் நிலையைக் காட்டும் அளவுகோல் என்ற பகுதி நிலைபெற்றுவிட்டது. அதற்குச் சான்று, 2020-இல் 'நேச்சர்' வெளியிட்ட ஆய்வு. மூளைக் காயத்தால் நினைவு குன்றியோ இழந்தோ கிடந்த 43 பேரின் மூக்கருகே ஷாம்பூவையும் அழுகிய மீன் நாற்றத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். நினைவே இல்லை என்று மருத்துவர்கள் வகைப்படுத்தியவர்களில், மூச்சை மாற்றிக்கொண்ட ஒவ்வொருவருக்கும் பின்னர் நினைவு திரும்பியது.