பெரியாற்று ஏரியும் பேரிஜமும்: நீர்நிலங்களில் நுழைவு அனுமதி வளர்ந்த வரலாறு

பழனிசெட்டிபட்டித் தடுப்பணையில் குளிக்க யாரும் சீட்டு வாங்குவதில்லை. கம்பம் சாலையை விட்டு இறங்கினால் முல்லைப்பெரியாறு. துண்டும் சோப்புமாக வருகிறவர்கள், துணி துவைக்கிறவர்கள், கோடை விடுமுறையில் குதித்து விளையாடும் பிள்ளைகள் என எல்லோருக்கும் கரை திறந்தே கிடக்கிறது. சற்று மேலே வீரபாண்டியில் சித்திரைத் திருவிழாவின்போது கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவர்கள் இதே ஆற்றில்தான் முழுகி எழுகிறார்கள். ஆனால் இந்த நீர் தேங்கி நிற்கும் தேக்கடிக்கு, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மேலே போனால், வாயிலில் நுழைவுக் கட்டணம், படகுக்குத் தனிச் சீட்டு. முல்லைப்பெரியாறு அணைப் பக்கம் பொதுமக்கள் போகவே முடியாது. நீர்நிலத்துக்குள் யார் போகலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் இந்தப் பள்ளத்தாக்கில் யார் யார் கைக்கு மாறி வந்தது என்பதே இக்கட்டுரை தேடும் வரலாறு. அந்த அதிகாரம் ஒருபோதும் நீரைக் குடிப்பவர்கள் பக்கம் வந்து சேரவில்லை என்பது என் முடிவு.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் திவான் வி. ராமய்யங்காரும், சென்னை அரசாங்கத்தின் சார்பில் திருவிதாங்கூர் ரெசிடென்ட் ஜே.சி. ஹானிங்டனும் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். ஆற்றின் ஆழ்மட்டத்திலிருந்து 155 அடி உயரம் வரை நீரில் மூழ்கும் 8,000 ஏக்கர் நிலம், அதோடு கட்டுமானப் பணிகளுக்கென 100 ஏக்கர். காலம் 999 ஆண்டுகள்; வாடகை ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக ஆண்டுக்கு 40,000 ரூபாய். அந்தப் பத்திரத்தில் பொழுதுபோக்குக்கு இடமில்லை. அணை கட்டவும், நீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பவும், வேலைக்கு வேண்டிய வழித்தடங்களைப் பயன்படுத்தவும் உரிமை தரப்பட்டது. மீன்பிடி உரிமையும் சென்னை அரசுக்கே. நிலமோ திருவிதாங்கூரின் ஆட்சி எல்லைக்குள்ளேயே இருந்தது. நீருக்கு ஓர் உரிமையாளர், நிலத்துக்கு இன்னொருவர் என்ற இந்தப் பிளவே பின்னால் வந்த அத்தனை வழக்குகளுக்கும் விதை.

பொறியாளர் பென்னிகுக்கின் அணை 1895-இல் நிறைவேறியது. நீரில் மூழ்கிய காட்டின் பட்டுப்போன மரங்கள் இன்றும் ஏரி நடுவே கறுத்து நிற்கின்றன. நான்கே ஆண்டுகளில், 1899-இல், ஏரியைச் சுற்றிய காட்டைத் திருவிதாங்கூர் காப்புக் காடாக அறிவித்தது. 1934-இல் அது நெல்லிக்காம்பட்டி வேட்டைச் சரணாலயமாயிற்று. எடப்பாளையத்தில் ஏரிக்கரையிலேயே மன்னர் குடும்பம் தங்குவதற்கு ஒரு மாளிகை இருந்தது. இப்போது அது கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல். 1950-இல் பெரியாறு வனவிலங்குச் சரணாலயம், 1978-இல் புலிகள் காப்பகம். ஒவ்வொரு அறிவிப்போடும் நுழைவு விதிகள் இறுகின. இறுக்கத்தின் காரணம் ஒவ்வொரு முறையும் காடும் விலங்கும்தான். மதுரை, தேனி, இராமநாதபுரம் வயல்களுக்குப் போகும் நீர் அந்த ஆணைகளின் நோக்கமாக இருந்ததில்லை. காடு காக்கப்பட்டதால் நீர்ப்பிடிப்பும் காக்கப்பட்டது என்பது பெரிய நன்மை. அதற்கு இந்தப் பள்ளத்தாக்கு கேரள வனத்துறைக்குக் கடன்பட்டிருக்கிறது. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அடுத்த திருப்பம் 1970 மே 29. அன்று கையெழுத்தான துணை ஒப்பந்தத்தில் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. மின் உற்பத்திக்குத் தமிழ்நாடு ஒப்புதல் பெற்றது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போயிற்று. ஆய்வாளர்கள் பெரும்பாலும் வாடகையையும் மின்சாரத்தையும் பற்றி எழுதி மீனைக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு மீன்தான் முக்கியமாகப் படுகிறது. ஏரியின் நீர்ப்பரப்பில் ஆள் இறங்கித் தொழில் செய்யத் தமிழ்நாட்டுக்கு இருந்த உரிமை அது. அது போனபின், வேலையாக வரும் பொறியாளரைத் தவிர வேறு யாரையும் ஏரிக்குள் அனுப்பக் கம்பம் பக்கத்துக்கு வழியில்லாமல் போயிற்று.

அந்த இடத்தைச் சுற்றுலா நிரப்பியது. 2009 செப்டம்பர் 30 மாலை, சுற்றுலாக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்ற இரட்டை அடுக்குப் படகு ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அணையின் பாதுகாப்பைப் பற்றி இரு மாநிலங்களும் ஓயாமல் வாதாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அணை தேக்கிய நீரில் நடந்த மிகப் பெரிய உயிர்ச்சேதம் ஓர் உல்லாசப் படகில் நேர்ந்தது. நீரை ஆள்பவர் ஒருவர், படகுக்கு அனுமதி தருபவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டின் ஆபத்து அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

தேக்கடியை ஒட்டிய ஆனவச்சாலில் கேரளத்தின் வாகன நிறுத்தம் எழுந்தபோது தகராறு கரைக்கு வந்தது. அந்த நிலம் 1886 குத்தகைக்குள் வருகிறது என்று 2014-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போயிற்று. 2023 இறுதியில் நீதிமன்றம் சர்வே ஆஃப் இந்தியாவை அளக்கச் சொன்னது. நிறுத்தம் குத்தகை நிலத்துக்கு வெளியே இருக்கிறது என்று வந்த அறிக்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. இதற்கிடையில் தமிழ்நாட்டுப் பொறியாளர்களின் நுழைவே அனுமதிக்கு உட்பட்டதாகிவிட்டது. முதன்மை அணையை ஒட்டிய பேபி அணைக்கு அருகே 15 மரங்களை வெட்ட 2021 நவம்பரில் கேரளம் தந்த அனுமதி சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2024 டிசம்பரில் பராமரிப்புப் பொருள் ஏற்றிச் சென்ற லாரிகள் வல்லக்கடவு சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டன. பயணிக்குக் காசு கொடுத்தால் கிடைக்கும் நுழைவு, அணையைப் பராமரிக்க வேண்டியவருக்குக் கடிதப் போக்குவரத்தின் முடிவில்தான் கிடைக்கிறது.

தேனி மாவட்டத்தின் வடக்கே இதே கதை வேறு வடிவில் நடந்திருக்கிறது. பழனி மலையின் மேல்பகுதியில், கொடைக்கானலிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல், பேரிஜம் ஏரி. 1860-களில் சென்னைப் படையின் டக்ளஸ் ஹாமில்டன் இங்கே தங்கினார். இடத்துக்கு ஹாமில்டன் கோட்டை என்று பெயர் நின்றது. ஏரி இருப்பது திண்டுக்கல் மாவட்டத்தில். அதன் நீரைக் குடிப்பது தேனி மாவட்டத்துப் பெரியகுளம். அங்கே போக வனத்துறை அனுமதி வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை வாகனம் என்று வரம்பு உண்டு. யானைக் கூட்டம் வந்தால் வழி அடைபடும். படகு இல்லை, குளியல் இல்லை, இரவுத் தங்கல் இல்லை. தமிழ்நாட்டில் குடிநீர் ஏரிக்கு இவ்வளவு ஒழுங்கான அனுமதி முறை அரிது. அந்த ஒழுங்கின் பயன் பெரியகுளத்துக் குழாய்வரை வருகிறது. எனினும் எத்தனை வண்டி என்று தீர்மானிக்கும் மேசையில் பெரியகுளம் நகராட்சிக்கு நாற்காலி கிடையாது. கொடைக்கானலுக்கே 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனம் என்று வரம்பிட்டது. அங்கும் பேச்சு நெரிசலையும் மலையின் தாங்குதிறனையும் பற்றியதுதான்.

வேறு மாதிரியும் உலகில் உண்டு. நியூயார்க் நகரம் தன் குடிநீரைக் கேட்ஸ்கில் மலை நீர்த்தேக்கங்களிலிருந்து எடுக்கிறது. அங்கே தூண்டில் போடவும் துடுப்புப் படகு விடவும் இலவச அனுமதி அட்டை கிடைக்கும்; நீந்தக் கூடாது. அட்டையைத் தருவது நகரத்துக்கு நீர் வழங்கும் அதே துறை. மேல்மலை ஊர்களோடு நகரம் 1997-இல் ஓர் உடன்படிக்கையும் செய்துகொண்டது. நீரின் தரத்துக்குப் பொறுப்பானவரே நுழைவுக்கும் பொறுப்பு என்பதால், எதற்கு இடம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்ற கேள்வி நீரிலிருந்தே தொடங்குகிறது.

நம் பக்கத்தில் இதன் அவசரம் கூடியிருக்கிறது. பாசனத்துக்கென்று தேக்கிய பெரியாற்று நீரை லோயர்கேம்ப்பில் எடுத்து மதுரை மாநகராட்சிக்கு நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்துவிட்டது. தேக்கடி ஏரி இனி ஒரு பெருநகரத்தின் குடிநீர் ஏரியும்கூட. படகுகளின் எண்ணெய்க் கசிவு, குமுளியின் கழிவு, கரையோரக் கட்டடம் எல்லாம் இனி குடிநீர்க் கேள்விகள்.

இரு மாநிலமும் உட்கார்ந்து நுழைவை முடிவு செய்யவே முடியாது என்பதில்லை. ஏரிக்கு மேலே மங்கலதேவி மலையில் கண்ணகி கோயில் இருக்கிறது. ஆண்டில் ஒரே நாள், சித்திரைப் பௌர்ணமி அன்று, அது பக்தர்களுக்குத் திறக்கிறது. அதற்கு முன் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்களும் இரு பக்கத்து வனத்துறை, காவல்துறை அதிகாரிகளும் கூடுகிறார்கள். எத்தனை மணிக்கு ஏறலாம், குமுளியிலிருந்து எந்த ஜீப்புக்குப் பாஸ், பளியங்குடியிலிருந்து நடப்பவர்களுக்கு என்ன வசதி, நெகிழிக்கு எப்படித் தடை என்று எல்லாம் பேசி முடிக்கிறார்கள். புலிகள் காப்பகத்துக்குள்ளேயே, எல்லைத் தகராறு தீராத ஒரு கோயிலுக்கே இது ஆண்டுதோறும் நடக்கிறது. அதே மேசையில் தேக்கடிப் படகுத்துறையின் நீர்ப் பரிசோதனை முடிவுகளை வைக்கலாம். தமிழ்நாட்டு நீர்வளத்துறைக்கும் மதுரை மாநகராட்சிக்கும் ஆளுக்கு ஓர் இடம் கொடுக்கலாம். கம்பம் பள்ளத்தாக்கின் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டில் சில நாட்களாவது அணையைப் போய்ப் பார்க்க வழி கேட்கலாம். இதற்குக் குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரியும் மாற வேண்டியதில்லை.