மித்தரானின் நோய் மறைப்பு

பிரான்சுக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் பொம்பிடு, மக்களிடம் மறைக்கப்பட்டிருந்த இரத்த நோயால் 1974 இல் பதவியிலிருந்தபோதே இறந்தார். இத்தகைய மறைப்பு இனி நிகழாது என்பதற்காக, 1981 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரான்சுவா மித்தரான், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தமது உடல்நல அறிக்கை வெளியிடப்படும் என்று உறுதியளித்தார்.

அவ்வாண்டு நவம்பரிலேயே அவருக்கு எலும்புகளுக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்டது. உண்மையைச் சொன்னால் பதவி ஆட்டங்காணும். அறிக்கையை நிறுத்தினாலோ ஐயம் எழும். எனவே அறிக்கைகள் தொடர்ந்தன. புற்றுநோய் பற்றிய செய்தி மட்டும் அவற்றில் இல்லை. அவரது மருத்துவர் கிளாட் குப்ளே அவற்றில் கையொப்பமிட்டார். 1988 இல் மித்தரானை மீண்டும் தேர்ந்தெடுத்த மக்கள் நோயை அறிந்திருக்கவில்லை. 1992 செப்டம்பரில் அறுவை மருத்துவம் நடந்த பின்னரே அது வெளியிடப்பட்டது.

மித்தரான் 1996 சனவரி 8 அன்று இறந்தார். அடுத்த சில நாட்களில் குப்ளே முழு உண்மையையும் நூலாக வெளியிட்டார். நோயாளியின் இரகசியத்தை மீறியதாக நூல் தடைசெய்யப்பட்டது, குப்ளே தண்டிக்கப்பட்டார். 2004 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், இறப்பை ஒட்டிய தற்காலிகத் தடை சரியே, ஆனால் நிரந்தரத் தடை கருத்துரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது.