வெந்நீரின் மிச்சம்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பா எனக்காக ஒரு வேலையை எடுத்து வைத்திருந்தார். மொட்டைமாடியைக் காலி செய்ய வேண்டும். பன்னிரண்டு வருடம் உழைத்த சோலார் வாட்டர் ஹீட்டர் அங்கே கிடந்தது. பதினைந்து கண்ணாடிக் குழல்களில் ஆறு உடைந்துவிட்டன. மீதி ஒன்பதில் நாலைந்தின் அடிப்பகுதி வெள்ளையாக வெளிறியிருந்தது. மாடிப்படிக்குக் கீழே என் கல்லூரிக் காலத்துக் கம்ப்யூட்டர், ஒரு குண்டு மானிட்டர், செத்துப்போன யூபிஎஸ், நாலு பழைய போன்கள்.

பழைய இரும்புக் கடைக்காரர் தராசோடு வந்தார. ஹீட்டரின் தொட்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. ஸ்டாண்டைத் தட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டரைக் கழற்றி மதர்போர்டைத் தனியாக வைத்தார். அதற்குத்தான் கிலோவுக்கு அதிக விலை சொன்னார்.

"இந்தக் குழலெல்லாம்?"

"கண்ணாடி வேணாண்ணே. கையக் கிழிச்சிரும். குப்பைல போட்ருங்க."

"சரி, போர்டு எங்க போகும்?"

"நான் மதுரைல குடுப்பேன். அங்கருந்து மெட்ராஸ், டெல்லின்னு போகும்னு சொல்வாங்க. அதுக்கு மேல நமக்கெதுக்குண்ணே?"

இரண்டு பொருட்கள். ஒன்று போக இடமே இல்லாதது. இன்னொன்று போகும் இடம் தெரியாதது. இரண்டையுமே 'நல்லது' என்று நம்பித்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தோம். அன்று ராத்திரி பெங்களூருக்கு பஸ் ஏறிய பிறகும் அந்தக் கடைக்காரரின் கடைசிக் கேள்வி கூடவே வந்தது.

*

எங்கள் வீட்டு வெந்நீருக்கு ஒரு வரலாறு உண்டு. பாட்டி காலத்தில் கொல்லைப்புறத்தில் ஒரு செம்பு பாய்லர் இருந்தது. நடுவில் புகைபோக்கி, அடியில் கொட்டாங்குச்சியும் விறகும். சாம்பல் பாத்திரம் தேய்க்கப் போகும். பாய்லர் ஓட்டையானால் பற்றவைக்க ஆள் வருவார். ஒருநாள் பாட்டி அதைப் பாத்திரக்கடையில் போட்டு, எடைக்கு எடை கணக்குப் பார்த்து எவர்சில்வர் குடங்கள் வாங்கி வந்தாள். புகையைத் தவிர அந்தப் பாய்லர் எதையும் மிச்சம் வைக்கவில்லை. புகையைச் சுவாசித்தவள் பாட்டி என்பதால் அதை யாரும் கணக்கில் சேர்க்கவும் இல்லை.

வெயிலில் தண்ணீர் சுட வைப்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1767இல் ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ் தெ சொசூர் என்ற அறிவியலாளர், கண்ணாடி மூடிய பெட்டிகளுக்குள் வெயிலைப் பிடித்து வைத்துப் பார்த்தார். பின்னாளில் அவர் செய்த ஒரு பெட்டிக்குள் வெப்பம் நூறு டிகிரி செல்சியஸைத் தாண்டியது. 1891இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர், கறுப்பு வண்ணம் பூசிய தொட்டிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து 'கிளைமாக்ஸ்' என்ற பெயரில் விற்றார். அதில் ஒரு சிக்கல். சாயங்காலம் சூடாக இருந்த தண்ணீர் விடிவதற்குள் ஆறிவிடும். 1909இல் கலிஃபோர்னியாவில் வில்லியம் பெய்லி வெயில் வாங்கும் பகுதியையும் தண்ணீர் சேமிக்கும் தொட்டியையும் பிரித்து, தொட்டியைக் குளிர் தாக்காமல் போர்த்தினார். 'டே அண்ட் நைட்' என்று பெயர் வைத்தார். பகலும் இரவும். எங்கள் மாடியில் இருந்தது அதன் பேரப்பிள்ளைதான்.

பெய்லியின் வியாபாரத்தை முடித்துவைத்தது வெயில் குறைந்ததல்ல. 1920களில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் மலிவாக இயற்கை எரிவாயு கிடைத்தது. அவ்வளவுதான், அதே கம்பெனி எரிவாயு ஹீட்டர் விற்கப் போய்விட்டது. முப்பது வருடம் கழித்து, எரிபொருள் தட்டுப்பாட்டில் தவித்த இஸ்ரேல் இதைத் திரும்ப எடுத்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1980இல் புது வீடுகளுக்குச் சட்டப்படி கட்டாயமாக்கியது. வெயில் எப்போதும் இருந்தது. வேறு எதுவும் கிடைக்காதபோதுதான் மனிதர்கள் அதைத் தேடிப் போனார்கள்.

நாங்களும் அப்படித்தான் போனோம்.

*

2012. திண்டுக்கல்லில் அந்த வருடம் வாழ்ந்த யாரிடமும் அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு, எங்களுக்குச் சில நாட்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல். நாகல் நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறைகளில் டிரில் ஓடாது. சின்னாளபட்டியில் தறி வீட்டில் இருட்டு. அம்மா கரண்ட் வரும் நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து மாவாட்டினாள்.

அப்போதுதான் அப்பா இரண்டு பொருள் வாங்கினார். ஒன்று இன்வெர்ட்டர், இன்னொன்று சோலார் ஹீட்டர். "திண்டுக்கல் வெயிலுக்கு ஹீட்டரா? சித்திரைல டேங்க் தண்ணியே கொதிக்குமே" என்று மாமா சிரித்தார். மார்கழி விடியலில் சிறுமலைக் காற்றில் குளிக்கப் போகும் அறுபது வயதுக்காரரின் முழங்காலுக்குத்தான் அதற்குப் பதில் தெரியும். 2010 ஜனவரியில் தொடங்கிய தேசிய சூரிய மின்சக்தித் திட்டம், 2022க்குள் இரண்டு கோடி சதுர மீட்டர் அளவுக்கு இப்படி வெயில் வாங்கும் பரப்பை நாட்டில் நிறுவ வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தது. எங்கள் மாடியில் இரண்டு சதுர மீட்டர் சேர்ந்தது.

கணக்குப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. 150 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 6 யூனிட் மின்சாரம் வேண்டும். அதை வெயில் சும்மா தருகிறது. குழல் இரண்டடுக்குக் கண்ணாடி. இடையில் காற்றே இல்லாத வெற்றிடம், அதனால் உள்ளே போன சூடு வெளியே வராது. உள்குழலின் மேல் வெயிலை உறிஞ்சும் கரும்பூச்சு. சூடான தண்ணீர் எடை குறைந்து தானாக மேலேறித் தொட்டிக்குப் போகும், குளிர்ந்தது கீழிறங்கும். மோட்டாரே வேண்டாம். குழலின் அடியில் பேரியம் பூச்சு வெள்ளி மாதிரி மின்னும். வெற்றிடம் கசிந்து காற்று புகுந்தால் அது வெள்ளையாகிவிடும். எங்கள் குழல்கள் வெளிறியது அப்படித்தான். தன் சாவைத் தானே அறிவிக்கும் பொருளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஹீட்டரைத் தளர வைத்தது எங்கள் போர் தண்ணீரின் உப்பு. பாறை பூமி, கடின நீர். குழலுக்குள் வெள்ளை வெள்ளையாய்ப் படிந்தது. வருடத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்று விற்றவர்கள் சொல்லவில்லை. குழல் உடைந்தபோது தொட்டியில் ஒட்டியிருந்த நம்பருக்கு அப்பா போன் செய்து பார்த்தார். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்.

*

திண்டுக்கல்லில் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு தோல் ஷாப்பில்தான் போய் நிற்கும். எங்கள் வீட்டு உப்புக்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், இந்த மண்ணின் நீர் இயல்பிலேயே கடினமானது. ஆனால் ஊரின் இன்னொரு பக்கத்தில் கிணறுகளுக்கு நடந்தது வேறு.

தோல் பதனிடும் தொழில் இந்த ஊருக்குச் சோறு போட்டது. அந்தச் சுண்ணாம்புக் குழிகளில் நின்றவர்களின் வாழ்க்கையைத்தான் டி. செல்வராஜ் 'தோல்' நாவலாக எழுதினார். அதற்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்ததும் 2012இல்தான். குரோமியமும் உப்பும் கலந்த கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கியது. 1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தோல் ஆலைகளின் மாசை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. அந்த வழக்கின் தீர்ப்பில் திண்டுக்கல்லும் வருகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கெடுப்பை நீதிமன்றம் பதிவு செய்தது: குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன.

முதல்முறை இதைப் படித்தபோது ஆபீஸ் கேன்டீனில் இருந்தேன். நான்கில் மூன்று கிணறு. நான் வளர்ந்த ஊரில், சைக்கிளில் போய்விடும் தூரத்தில். இதை எனக்கு எந்தப் பள்ளியிலும் யாரும் சொல்லித் தரவில்லை.

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும், தீங்கு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. முதல் கொள்கையை அதே வருடம் ராஜஸ்தானின் பிச்ரி கிராம வழக்கிலேயே நீதிமன்றம் கையில் எடுத்திருந்தது. இந்தத் தீர்ப்பு அதை உறுதியாக நிலைநாட்டியது. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். இன்று இந்தியாவில் எந்த ஊரில் ஆறு கெட்டாலும் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அதற்குள் எங்கள் கிணறுகளும் இருக்கின்றன.

*

இதற்கும் என் மதர்போர்டுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

கழிவைக் கொட்டும்போது விலை கேட்பது ஒரு வழி. பொருளைச் செய்து விற்றவரே அதன் கடைசி நாள் வரைக்கும் பொறுப்பு என்று ஆக்கிவிடுவது இன்னொரு வழி. ஸ்வீடனின் தோமஸ் லிண்ட்க்விஸ்ட் 1990இல் இந்த இரண்டாவது யோசனைக்கு ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு என்று சொல்லலாம். முதல் கொள்கையின் உடன்பிறப்பு இது. இந்தியாவில் மின்னணுக் கழிவு விதிகள் 2011இல் வெளியாகி, 2012 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது இந்தப் பொறுப்புதான் அவற்றின் நடுநாயகம். நாங்கள் இருட்டில் விசிறிக்கொண்டிருந்த அதே கோடையில். பிறகு 2016இல் ஒருமுறை, 2022இல் ஒருமுறை விதிகளைத் திருத்தி எழுதினார்கள். கடைசித் திருத்தத்தில் சோலார் மின்தகடுகளும் பட்டியலுக்குள் வந்தன.

விதி இருக்கிறது. ஆனால் என் போர்டு தராசில் ஏறி மதுரைக்குப் போனது. உலகம் முழுக்க 2022இல் உருவான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் என்றும் ஐநா அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. மீதி பெரும்பாலும் நம் கடைக்காரர் சொன்ன 'அதுக்கு மேல' என்ற இடத்துக்குப் போகிறது.

அந்த இடங்களுக்குப் பெயர் உண்டு. டெல்லியில் சீலம்பூர். உத்தரப் பிரதேசத்தில் மொரதாபாத். மொரதாபாத் பித்தளைக்குப் பேர் போன ஊர். உலோகம் உருக்கத் தெரிந்த கைகள், தொழில் நலிந்தபோது மதர்போர்டைக் கையில் எடுத்தன. எரித்துச் செம்பு எடுத்தார்கள், அமிலத்தில் கழுவித் தங்கம் தேடினார்கள். சாம்பல் ராம்கங்கை ஆற்றங்கரையில் குவிந்தது. இதைப் படிக்கும் திண்டுக்கல்காரனுக்கு அடிவயிறு கலங்கும். நாங்களும் பித்தளையும் இரும்பும் அறிந்த ஊர். எங்கள் பூட்டையும் அலிகர் பூட்டு சந்தையில் அடித்து வீழ்த்தியது. எங்கள் கிணறுகளும் எங்கோ யாரோ போட்டுக்கொண்ட ஷூவுக்காகக் கெட்டவை. நான் மூன்று வருடத்துக்கு ஒருமுறை லேப்டாப் மாற்றும் தொழிலில் இருக்கிறேன். அன்று ஷூ போட்டவனின் இடத்தில் இன்று நான் இருக்கிறேன்.

இதில் பழைய இரும்புக் கடைக்காரரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் வராவிட்டால் எல்லாமே குப்பைமேட்டுக்குத்தான் போயிருக்கும். விலை இருக்கும் பொருள் எப்படியோ திரும்பி வருகிறது. இன்வெர்ட்டர் பேட்டரியைப் பாருங்கள். பழையதைக் கொடுத்தால் புதியதில் விலை குறையும் என்பதால் அதை யாரும் தெருவில் போடுவதில்லை. கண்ணாடிக் குழலுக்கும் விற்கும்போதே அப்படி ஒரு தொகையைப் பிடித்து வைத்து, திருப்பிக் கொடுத்தால் தருவேன் என்றிருந்தால் அது என் மாடியில் கிடக்காது. அதோடு, போர்டை வாங்குபவர் அதை எரிக்காமல் பிரிக்கும் இடத்துக்கு அனுப்பினால்தான் அதிக காசு என்ற நிலையும் வர வேண்டும். இரண்டுமே தொழில்நுட்பச் சிக்கல் இல்லை. கணக்குச் சிக்கல்.

*

எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பாவிடம் ஒரு மாங்காய்ப் பூட்டு இருக்கிறது, தாத்தா வாங்கியது. இரண்டு முறை லீவர் தேய்ந்து, இரண்டு முறையும் பட்டறையில் பிரித்துச் சரிசெய்து வாங்கியிருக்கிறார். செய்தவர் நாகல் நகரில் இருந்தார், வாங்கியவர் நடந்துபோகும் தூரத்தில் இருந்தார். நீட்டித்த பொறுப்பு என்ற சொல் பிறப்பதற்கு முன்பு அது அந்தத் தூரத்துக்குள் இருந்தது. இன்று செய்பவருக்கும் எனக்கும் நடுவில் கடல் இருக்கிறது. அந்தத் தூரத்தைச் சட்டம்தான் நடந்து கடக்க வேண்டும்.

ஹீட்டர் வேண்டாம் என்று நான் முடிவுக்கு வரவில்லை. பன்னிரண்டு வருட வெந்நீர் பெரிய விஷயம். புதிதாக ஒன்று போட்டிருக்கிறோம். இந்த முறை அப்பா பில்லில் ஒரு வரி எழுதி வாங்கினார்: பழைய குழல்களைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று. கடைப் பையன் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தானாம். போன்களையும் பழைய லேப்டாப்பையும் நான் பெங்களூருக்குத் தூக்கி வந்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் ஒருவரிடம் கொடுத்து ரசீது வாங்கினேன்.

முதல் ஹீட்டரின் ஒன்பது குழல்கள் மட்டும் சாக்கில் சுற்றி, தண்ணீர் டேங்கின் நிழலில் இருக்கின்றன. போன வாரம் போனில் அப்பா கேட்டார், "அந்தக் கண்ணாடிய என்னப்பா பண்றது?"

"இருக்கட்டும்ப்பா. குப்பைல மட்டும் போட்றாதீங்க."

"அதான் நானும் வச்சிருக்கேன்" என்றார்.