பெருவெளி தந்த பெருமக்கள்



ஊரைக் கோயில் வளர்ப்பது உலகியல்பு. கோயிலுக்கு ஊரே நிலம் ஈந்து தோன்றிய தலம் வடலூர். தில்லையைப் பூர்வஞான சிதம்பரம் என்றும், இத்தலத்தை உத்தரஞான சிதம்பரம் என்றும் வழங்கினார் வள்ளற்பெருமான்.

கருங்குழியில் உறைந்த அடிகளின் கருத்தறிந்த பார்வதிபுரத்தார், ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். அவர்கள் மன்னரல்லர், ஏர் பிடித்த உழவர்கள். அந்நிலத்தில் 23-5-1867இல் சத்திய தருமச்சாலை தொடங்கிற்று. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை.

முதலில் பசி தீர்த்த பின்னரே, 25-1-1872 தைப்பூசத்தன்று சத்திய ஞானசபை திறக்கப்பெற்றது. விண்ணளாவும் கோபுரம் இங்கில்லை. எண்கோண வடிவில் அமைந்த சபை. எழுதிரை நீங்கினால் அருட்பெருஞ்ஜோதி. சபையைச் சூழ்ந்த பெருவெளியே இதன் திருமதில்! சாதி சமய வேறுபாடின்றி, தைப்பூசத்தில் திரளும் இலட்சோப இலட்சம் மக்களை அவ்வெளியன்றோ தாங்குகிறது?

2024ஆம் ஆண்டில், அப்பெருவெளியில் பன்னாட்டு மையம் எழுப்பப் பள்ளம் தோண்டியபோது, பார்வதிபுரத்து மக்கள் திரண்டு தடுத்தனர். வள்ளலார் புகழ் பரவ வேண்டும் என்பதில் இருதரத்தாருக்கும் கருத்து வேறுபாடில்லை. அதற்குரிய இடம் இதுவோ என்பதே வினா. முன்னோர் ஈந்த நிலத்திற்கு வழித்தோன்றல்கள் காவல் நின்றனர்.

கல்லும் சுதையும் மட்டுமே கோயிலின் உறுப்புக்கள் அல்ல. வெறுவெளியும் ஓர் உறுப்பே. கொடுத்தவர் உள்ளக்கிடக்கை அறிந்து காப்பதும் சிவபுண்ணியமே என உணர்வோமாக.

திருச்சிற்றம்பலம்.